வெள்ளை அன்ரியின் கையெழுத்து

எங்கள் ட்ரைவிங் ஸ்கூல் காரில் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டுபவரின் காலடியில், மற்றது பக்கத்துச் சீட்டில் இருக்கும் என் காலடியில். அக்சிலரேற்றர் மட்டும் ஒன்றுதான், அதை நான் தொட முடியாது. அரசியல் விஞ்ஞானத்தில் முதுகலை முடித்துவிட்டு ஸ்காபரோவில் கார் பழக்குகிறவளுக்கு இதைப் பார்த்து ஏதாவது தோன்றாமல் இருக்குமா? முதல் வாரமே தோன்றிவிட்டது. என் ஆய்வுக் கட்டுரை முழுவதும் இதைப் பற்றித்தான். ஐரோப்பாவில் நாடுகள் கூடி அமைத்த ஒன்றியம் ஒன்று இருக்கிறது. வெளியே சில நாடுகள் சேரக் காத்து நிற்கின்றன. உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாட்டின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. ஒரு நாடு மிதித்தால் போதும், எல்லாம் நின்றுவிடும்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரே அவசரம். ஸ்கூலை நடத்தும் அண்ணையிடம் சொன்னேன்.

"உதெல்லாம் சரி தங்கச்சி," என்றார். "போன மாசம் நீ பிரேக் பிடிக்கப் பிந்தினதாலதானே முன் பம்பர் போனது?"

அந்த செப்டெம்பரில் ஒருநாள் அவரே கூப்பிட்டார்.

"டோர்செட் பார்க்கில எங்கட பில்டிங்கில ஒரு வெள்ளை அன்ரி இருக்கிறா. புருசன் போன வருசம் செத்துப்போனார். அவர்தான் காரோட்டினவர். கார் சும்மா கீழ நிக்குது. மனுசிக்குப் பொம்பிளை இன்ஸ்ரக்ரர்தான் வேணுமாம். உன்ர இங்கிலிசுக்கு ஏத்த ஆள்."

"எந்த நாடு, அண்ணை?"

"எந்த நாடோ. வெள்ளை வெள்ளைதானே. எங்களை எல்லாரும் இந்தியன் எண்டுறாங்கள். அதுமாதிரி வை."

அந்த அன்ரிக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. விடியும் முன் தொடங்கும் முறை, அந்த நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைச் சரிசெய்து, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, நான் சொல்லும்வரை அசையாமல் இருந்தார். எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டேன். பால்கன் மலைகளுக்கு நடுவே, கடலே இல்லாத ஒரு சின்ன நாட்டின் பெயரைச் சொன்னார்.

நான் சீட்டிலிருந்து துள்ளினேன். என் கட்டுரையின் நாடு அது! நான் ஜூனியர் கிண்டர்கார்டன் போகத் தொடங்கிய காலத்தில் விண்ணப்பம் போட்ட நாடு. நான் பட்டமும் முதுகலைப் பட்டமும் எடுத்து முடித்த பிறகும் வாசலில்தான் நிற்கிறது. முதலில் தெற்குப் பக்கத்து நாடு பிரேக் மிதித்தது, உன் பெயர் என்னுடைய பெயர் என்றது. அதற்காக இந்த நாடு தன் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்துத் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் கிழக்குப் பக்கத்து நாடு மிதித்தது. உன் மொழி என் மொழியின் கிளை, உன் வீரர்கள் என் வீரர்கள், உங்கள் ஊரில் எங்கள் இனம் வாழ்கிறது என்று அரசியலமைப்பில் எழுது, பிறகு பார்ப்போம் என்றது.

இதையெல்லாம் அவருக்கே சொன்னேன். அவருடைய நாட்டைப் பற்றி அவருக்கு. லோரன்ஸ் வீதியில், மழையில். பிரேக் உவமையை நான் சொல்லி முடித்தபோது காரும் ஒரு நிறுத்தற் பலகையைத் தாண்டிப் போயிருந்தது. நான் என் பிரேக்கை மிதித்தேன். இரண்டு பேரும் முன்னால் ஆடிப் பின்னால் வந்தோம்.

"டீச்சர்," என்றார் அவர், கைகளை எடுக்காமலே. "நீங்கள் பாடம் நடத்துகிறீர்கள். நான் எதைக் கவனிப்பது, உங்களையா, வீதியையா?"

நாங்கள் பேசியது ஆங்கிலம். அவருடையது ஒருவிதமாக உடைந்தது, அவசரத்தில் என்னுடையது வேறுவிதமாக. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு ஆசை என்று பல்கலைக்கழகத்தில் கேட்டிருக்கிறார்கள். உன் ஆட்களோ உன் ஊரோ இல்லையே என்பார்கள். சின்ன வயதில் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஈழத்தில் போரை நிறுத்தச் சொல்லி நகரத்தில் நடந்த ஊர்வலங்களுக்குப் போவார். வீட்டுக்கு வந்ததும் கணினியில் உலக நாடுகளின் அறிக்கைகளைத் தேடித்தேடி வாசிப்பார். கவலை தெரிவிக்கிறது. கேட்டுக்கொள்கிறது. உன்னிப்பாகக் கவனிக்கிறது. அந்த வினைச்சொற்களைக் கேட்டே நான் வளர்ந்தேன். அவற்றால் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பல்கலைக்கழகத்தில், உலகத்தில் ஓரிடத்தில் பாடம் பாடமாகப் படித்து, சட்டம் சட்டமாகத் திருத்தி, எல்லாவற்றிலும் சித்தியடைந்தால் கதவு திறக்கும் என்று எழுதிய ஒழுங்கு இருக்கிறது என்று அறிந்தபோது எனக்குத் தலை சுற்றியது. அப்படி ஒன்று இருந்தால் அது வேலை செய்வதை என் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அன்ரிக்கு அந்த ஆசை இல்லை. "எங்கள் ஊரில் இதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை," என்றார். "என் கல்யாணத்தன்று பேசினார்கள். மகன் பள்ளிக்கூடம் போனபோது பேசினார்கள். இப்போது செய்தியில் வந்தால் சத்தத்தைக் குறைப்பார்கள்." கோபமில்லாமல் சொன்னார். வைப்பரின் வேகத்தைக் கூட்டட்டுமா என்று கேட்கும் குரல்.

ஆனாலும் நான் விடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை அவருக்குக் கைபேசியில் செய்தி அனுப்புவேன். இன்ன அமைச்சர் இன்ன இடத்தில் பேசினார், டிசம்பரில் தலைவர்கள் கூடுகிறார்கள், இந்தமுறை காற்று மாறலாம். பதிலுக்கு ஒரு பெருவிரல் படம் வரும். வேறொன்றும் வராது.

ஒக்ரோபர் நடுவில், பின்னோக்கிக் கார் விடுவதைப் பழகிக்கொண்டிருந்த ஒரு பிளாசாவின் கார்த் தரிப்பிடத்தில், அவர் எஞ்சினை நிறுத்தினார். கோப்பி வாங்கி வந்து காருக்குள்ளேயே குடித்தோம். அப்போதுதான் மகனைப் பற்றிச் சொன்னார்.

மகனுக்கு இருபத்தேழு வயது. குளிரூட்டி திருத்தும் தொழில் படித்தவன். அப்பாவும் அம்மாவும் கனடா வந்தபோது தன் நாடு சீக்கிரம் ஒன்றியத்தில் சேர்ந்துவிடும், பிறகு ஐரோப்பா முழுவதும் தன்னுடையது என்று சொல்லி வரமாட்டேன் என்றவன். அவனோடு படித்தவர்கள் இப்போது ஜெர்மனியில் இருக்கிறார்கள். நாடு சேரவில்லை, அவர்கள் சேர்ந்துவிட்டார்கள். கிழக்குப் பக்கத்து நாடு, அதுதான் பிரேக் மிதிக்கும் அதே நாடு, ஒன்றியத்துக்குள் இருக்கிறது. நானும் என் முன்னோரும் உங்கள் இனத்தவர்தான் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் அது தன் பாஸ்போட்டைக் கொடுக்கும். அந்தப் பாஸ்போட்டோடு ஜெர்மனிக்குப் போகலாம், வேலை செய்யலாம்.

எனக்கு இது தெரியும். என் கட்டுரையில் இது ஓர் அடிக்குறிப்பு.

"அவன் தன் பங்கை எழுதிவிட்டான்," என்றார். "வம்ச வழி என் பக்கத்தால் வருகிறது. என் அப்பா பிறந்த ஊர் அவர்கள் கேட்கும் பகுதியில் இருக்கிறது. அதனால் நானும் சத்தியக் கடதாசி எழுதி அனுப்ப வேண்டும். என் அப்பா அவர்களுடைய இனத்தவர் என்று."

"உங்கள் அப்பா..."

"பள்ளிக்கூட வாத்தியார். முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்கினார். எங்கள் மொழியில். நாற்பது வருடமாக அது எங்கள் மொழி என்று சொல்லிக்கொடுத்தார்." கோப்பி மூடியை நகத்தால் கிளறினார். "அவன் ஒவ்வொரு நாளும் கேட்கிறான், அம்மா கையெழுத்துப் போட்டாச்சா என்று. டிசம்பர் வரை பொறு என்றேன். நீங்கள் கூட்டம் இருக்கிறது என்றீர்களே. அதில் ஏதாவது வந்தால் நான் எழுதத் தேவையில்லை."

அதற்குப் பிறகு அந்த டிசம்பர் கூட்டம் எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. அதுவரை அது ஒரு பந்தயம் மாதிரி. இப்போது கோப்பி மூடியைக் கிளறும் ஒரு நகம் அதில் இருந்தது. நிபுணர்கள் எழுதியதையெல்லாம் வாசித்தேன். ஒருவரும் நம்பிக்கையாக எழுதவில்லை. நான் அவருக்கு அதையும் அனுப்பினேன். பெருவிரல் வந்தது.

நவம்பரில் அவருடைய ரோட் டெஸ்ட். தவறிவிட்டார். எல்லாம் சரியாகச் செய்தார், ஆனால் ஒவ்வொரு நிறுத்தற் பலகையிலும் நிற்கிறார், இடப்பக்கம் பார்க்கிறார், வலப்பக்கம் பார்க்கிறார், மறுபடி இடப்பக்கம் பார்க்கிறார், எதிரே வரும் எல்லோருக்கும் வழி விடுகிறார், போகவே மாட்டேன் என்கிறார். பரீட்சகர் அதையே காரணமாக எழுதியிருந்தார்.

அண்ணைக்குச் சிரிப்பு. "எங்கட சனம் நிக்காமப் போய் பெயிலாகும். நிண்டு பெயிலான முதல் ஆள் உந்த அன்ரிதான்."

டிசம்பர் கூட்டத்தின் முடிவுகள் வெளிவந்த அன்று அவருக்கு வகுப்பு. பனி கொட்டிக்கொண்டிருந்தது. அதே பிளாசாவில் நிறுத்தச் சொல்லி, கைபேசியில் அந்த அறிக்கையைத் திறந்தேன். பல பக்கங்கள். போர், எல்லை, வரவுசெலவு. அவருடைய நாட்டின் பெயரைத் தேடினேன். வரவில்லை. மறுபடி தேடினேன்.

"எத்தனையாவது பந்தியில் இருக்கிறோம்?" என்று கேட்டார்.

"கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம். அந்தப் பகுதி நாடுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பந்தி."

"எங்கள் பெயர்?"

"தனியாக இல்லை."

வாசித்துக் காட்டினேன். வரவேற்கிறது, ஊக்குவிக்கிறது, எதிர்பார்க்கிறது. போன வருட அறிக்கையிலும் இதே வினைச்சொற்கள்தான், வரிசை மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது. வேறு நாளாக இருந்தால் நான் கொதித்திருப்பேன். வீட்டுக்குப் போய் நீளமாக எழுதி எங்கேயாவது போட்டிருப்பேன். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. கைபேசித் திரை தானாக அணைந்தது. அதை மறுபடி ஏற்றவும் எனக்குத் தோன்றவில்லை. வைப்பர் பனியைத் தள்ளியது, பனி மறுபடி விழுந்தது.

அவர் கண்ணாடிகளைச் சரிசெய்தார். பிறகு, "இன்றைக்கு இரண்டு காருக்கு நடுவில் விடுவதுதானே?" என்றார்.

அன்றுதான் முதல்தடவையாக ஒரே முயற்சியில், திருத்தாமல், நடைபாதை விளிம்போடு ஒட்டிக் காரை விட்டார். நான் பாராட்டக்கூட மறந்துபோனேன்.

ஜனவரியில் ஒருநாள் வகுப்பு முடியும் நேரத்தில் அப்பாவின் அழைப்பு வந்தது. அப்பா பிளாஸ்டிக் சாமான் செய்யும் பக்ரறி ஒன்றில் மெசின் முன் நிற்கிறவர். அன்று முழங்கால் மடங்கவில்லையாம், பஸ் தரிப்பில் பனி மேடாகக் கிடக்கிறதாம். வகுப்புக் காரில் வேறு ஆட்களை ஏற்றக்கூடாது என்பது அண்ணையின் சட்டம். அன்ரியைக் கேட்டேன். "ஏற்றுவோம்," என்று தானே சிக்னலைப் போட்டார்.

அப்பா பின்சீட்டில் காலை நீட்டிப் பக்கவாட்டாக இருந்தார். அப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது. முப்பது வருடம் பக்ரறியில் பேசிய இங்கிலிஷ் அது. அதுவும் யாழ்ப்பாணத் தமிழ் மாதிரித்தான் இருக்கும், அப்படியே எழுதுகிறேன்.

"மகள் சொன்னவ, உங்கட பெடியனுக்கு ஏதோ கையெழுத்தாம்."

"அப்பா!" என்றேன்.

"பரவாயில்லை," என்றார் அவர். கண் வீதியில் இருந்தது.

"கையெழுத்துத் தானே, போடுங்கோ. பெடியன் முதல் உள்ளுக்குப் போகட்டும். உள்ளுக்குப் போனாப் பிறகு என்னவும் மாத்தலாம். நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான் வந்தனாங்கள்."

"நீங்களும் கையெழுத்துப் போட்டீர்களா?"

"எனக்குக் கையெழுத்தில்லை, வயசு." அப்பா சிரித்தார். "ஏஜென்ட் தந்த பாஸ்போட் வேற ஒரு பெடியன்ர. என்னைவிட நாலு வயசு குறைஞ்சவன். வழி முழுக்க அவன்ர பிறந்த திகதியைப் பாடமாக்கினன். இங்க வந்து இறங்கி, பயப்பிடாம என்ர சொந்தப் பேரைச் சொல்லிப்போட்டன். திகதி மட்டும் வாயில அவன்ரதான் வந்தது. சரி, பிறகு மாத்துவம் எண்டு விட்டன்."

"பிறகு மாற்றினீர்களா?"

"பிறகு மாத்தப் போனா, வேற என்னென்ன பொய் சொன்னனி எண்டு கேப்பாங்களோ எண்டு பயம். பிறகு சிட்டிசன்சிப். பிறகு இவள் பிறந்திட்டாள். அப்பிடியே போட்டுது."

எங்கள் வீட்டில் அப்பாவின் பிறந்தநாளுக்கு கேக் வெட்டுவது அந்தப் பெடியனின் திகதியில்தான். அது வேறு யாருடையதோ என்பது பதினாறு வயதுவரை எனக்குத் தெரியாது. அம்மா ஒருநாள் வாய் தவறிச் சொன்னார். அதற்குப் பிறகும் அதே நாளில்தான் வெட்டுகிறோம். பழகிவிட்டது.

அன்ரி சிவப்பு விளக்கில் நின்றார். கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தார்.

"இப்போது உங்களுக்கு என்ன வயது?"

"கனடாவுக்கு அறுபத்தொண்டு."

"உங்கள் அம்மாவின் கணக்குக்கு?"

அப்பாவை யாரும் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள்.

"அவ இப்ப இல்லை," என்றார். பிறகு, "அறுபத்தஞ்சு."

"அப்படியென்றால் பென்சன்..."

"அது கனடா கணக்குக்குத்தான் வரும். இன்னும் நாலு வருசம் நிக்க வேணும். நிண்டிடுவன்." முழங்காலைத் தடவிக்கொண்டார்.

பச்சை விழுந்து எவ்வளவு நேரமோ தெரியாது. பின்னால் ஒரு ஹோர்ன் அடித்தது, பிறகு இன்னொன்று. அவர் காரை எடுத்தார்.

வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டு வாசலில் அப்பாவைப் பிடித்து இறக்கினேன். கதவை மூடியதும் தமிழில் சொன்னார், "போடச் சொல்லு பிள்ளை. மனுசி வீணா மனதைப் போட்டு உழட்டுறா."

"உங்களுக்கே நாலு வருசம் போகுது அப்பா. பிறகும் போடச் சொல்லுறீங்களோ? சீரியஸா?"

"நாலு வருசம் தானே." ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு நின்றார். "அண்டைக்கு நான் அங்க ஊரில நிண்டிருந்தா?"

உள்ளே போய்விட்டார். நான் வாதாட நிறைய வைத்திருந்தேன். அடிக்குறிப்புகளோடு வைத்திருந்தேன். பனியில் நின்று அந்த மூடிய கதவைப் பார்த்தபோது எதையும் எடுக்க முடியவில்லை. காருக்குத் திரும்பி வந்தேன்.

இரண்டு வகுப்புகள் கழித்து, எந்தப் பக்கம் போவோம் என்று நான் கேட்டபோது அன்ரி ஒரு விலாசத்தைச் சொன்னார். எனக்குத் தெரிந்த பிளாசாதான். கீழே ரேக்-அவுட் சாப்பாட்டுக் கடை, மேலே சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்கும் ஒரு தமிழ் அங்கிளின் அலுவலகம். அண்ணை அனுப்பியிருக்கிறார். எங்கள் ஆட்களுக்கு என்ன கடதாசி என்றாலும் அந்தப் படிதான்.

படியில் ரோல்ஸ் பொரிக்கும் மணம் ஏறிக்கொண்டு வந்தது. அங்கிள் கடதாசியை மேலோட்டமாகப் பார்த்தார். ஒரு பக்கம் அந்தக் கிழக்குப் பக்கத்து நாட்டு மொழி, மறுபக்கம் ஆங்கில மொழிபெயர்ப்பு. என் பக்கம் திரும்பினார்.

"ஆர் தங்கச்சி உவ? எந்த நாட்டு மனுசி?"

எத்தனையோ தடவை எத்தனையோ பேருக்கு, புதுப்பெயரும் பழைய பெயரும் விளக்கி, மணிக்கணக்காகச் சொல்லக்கூடிய பதில் அது. மேசையில் அந்தக் கடதாசி கிடந்தது. அவர் என் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"டோர்செட் பார்க், அங்கிள்," என்றேன். "அண்ணையின்ர பில்டிங்."

"ஓ," என்று தலையாட்டிவிட்டு, அவரிடம் ஆங்கிலத்தில் வழக்கமான கேள்வியைக் கேட்டார். பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்கிறீர்களா, இல்லை வெறும் வாக்குறுதியா? இரண்டும் சட்டப்படி ஒன்றுதான். மேசை லாச்சியை இழுத்து ஒரு பைபிளை எடுத்து மேலே வைத்தார். மன்னார்க் கிறிஸ்தவர்களும் தீவுக் கிறிஸ்தவர்களும் கை வைத்துக் கை வைத்து அட்டை மினுங்கிப்போன பைபிள்.

அன்ரி ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். எங்கள் வகுப்பைக்கூட ஒருநாளும் ஞாயிறு காலையில் வைக்கவிட்டதில்லை. பைபிளைப் பார்த்தார். கையைக் கைப்பையிலிருந்து எடுக்கவில்லை.

"வாக்குறுதி," என்றார்.

"இதில் எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று உறுதி கூறுகிறீர்களா?"

"ஆம்."

கையெழுத்துப் போட்டார். சின்னதாக, ஒவ்வொரு எழுத்தும் தெரியும்படி போட்டார். அங்கிள் முத்திரை குத்தினார். கீழே யாரோ எண்ணெய்ச் சட்டிக்குள் எதையோ போட்ட சத்தம் கேட்டது.

எழும்பும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. "அங்கிள், பிறந்த திகதி மாத்துறதுக்கும் இங்க எழுதலாமோ?"

"ஆருக்கு?"

"ஒரு தெரிஞ்ச ஆளுக்கு."

அங்கிள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "இந்தக் கதிரையில இருந்து கேக்கிற எல்லாருக்கும் ஒரு தெரிஞ்ச ஆள் இருக்கு தங்கச்சி. ஊரில பதிவு இருக்கோ? இல்லை, சண்டையில எரிஞ்சிருக்கும். நீ பிந்தி வந்திட்டாய்."

கீழே வந்து காரில் ஏறினோம். அவர் பெல்ட்டைப் போட்டார், கண்ணாடியைப் பார்த்தார், சாவியைத் திருப்பவில்லை.

"டீச்சர், இனி எனக்கு அந்தச் செய்திகளை அனுப்ப வேண்டாம்."

"எந்தச் செய்தி?" என்று கேட்டேன், எந்தச் செய்தி என்று தெரிந்தே.

"கூட்டம், அறிக்கை. மகனுக்கு இனி அது தேவையில்லை. அங்கே எனக்கு வேறு யாரும் இல்லை." கொஞ்சம் யோசித்தார். "நீங்கள் வாசியுங்கள். அது உங்கள் படிப்பு. எனக்கு வேண்டாம்."

சரி என்றேன். அவர் காரை எடுத்தார். அன்று அவர் நிறுத்தற் பலகைகளில் நின்றார், பார்த்தார், போனார். கவனித்தேன். ஏன் இப்போது வருகிறது என்று கேட்கவில்லை.

மகன் ஜெர்மனி போய்ச் சேரவில்லை. அந்தக் கடதாசிகளைப் பார்த்து முடிவுசொல்லக் கிழக்குப் பக்கத்து நாட்டின் அமைச்சுக்கு வருடங்கள் பிடிக்குமாம். அவனுக்கு ஒரு இலக்கம் கொடுத்திருக்கிறார்கள், இலக்கத்தைப் போட்டால் கோப்பு எங்கே நிற்கிறது என்று இணையத்தில் காட்டும். இப்போது அவன் வேறொரு வரிசையில் நிற்கிறான். இதை அவர் எனக்குச் சொன்னது ஏப்ரலில், ரோட் டெஸ்டுக்குப் போகும் வழியில். முகத்தில் ஒன்றும் இல்லை. உப்புக் கறை படிந்த வீதியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அன்று பாஸாகிவிட்டார். தற்காலிக லைசென்ஸ் கடதாசியை மடித்துக் கைப்பையில் வைத்தார். திரும்பி வரும்போது அவரே ஓட்டினார். இனி என் காலுக்கு அங்கே வேலையில்லை, ஆனாலும் பழக்கத்தில் பிரேக்குக்கு மேலே வைத்திருந்தேன்.

கெனடி வீதியில் என் கைபேசி அதிர்ந்தது. ஒன்றியத்தைப் பற்றி வரும் செய்திகளுக்கு நான் எப்போதோ வைத்த அறிவிப்பு. அவருடைய நாட்டின் பெயர் தலைப்பிலேயே இருந்தது, புதுப்பெயர். யாரோ எங்கேயோ ஏதோ சொல்லியிருந்தார்கள். பார்த்துவிட்டுத் திரையைக் கவிழ்த்து மடியில் வைத்தேன்.

"ஏதாவது முக்கியமா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன்.

பக்ரறிக்கு முன்னாலிருக்கும் பஸ் தரிப்பில் அப்பா நின்றார். கம்பத்தைப் பிடித்தபடி, ஒரு காலில் பாரத்தை வைத்து. நான் சொல்லவில்லை, அவரே சிக்னலைப் போட்டு ஓரம் கட்டினார். அப்பா பின்சீட்டில் ஏறிக் காலை நீட்டினார்.

"என்ன, பாஸோ?"

"பாஸ்."

"கெட்டிக்காரி. மற்றது? கையெழுத்து?"

"போட்டேன்."

"அது சரி," என்றார் அப்பா. "கையெழுத்துத் தானே."

அன்ரி கண்ணாடியில் அப்பாவை ஒருமுறை பார்த்தார், தோளுக்கு மேலால் பின்னால் பார்த்தார். பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் போகப் போதுமான இடம் இருந்தது. போனார்.